சொல்லும் பிணையும்

ஆங்கிலத்திலே 'பிளெட்ஜ்' என்றொரு வினைச்சொல். உறுதி கூறுதல் என்பது பொருள். மாநாட்டுப் பந்தலில் கையுயர்த்திக் கூறுகிறோமே, அதுதான். அண்டாவைத் தூக்கிச்சென்று அடகு வைக்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் 'பிளெட்ஜ்' தான்! 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 172ஆம் பிரிவில் அடகை அந்தச் சொல்லாலேயே குறிக்கிறது. மாநாட்டு மேடைக்கும் வட்டிக் கடைக்கும் என்ன உறவு?

உறவு உண்டு. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலே நுழைந்தபோது, பிணை நிற்பவன், பிணைப் பொருள் என்பதே இதன் கருத்து. ஆளும் பண்டமும் முன்னே; வாய்ச்சொல் பின்னே!

நார்மன் மன்னர்கள் ஆண்ட இங்கிலாந்தில் 'பிராங்க்பிளெட்ஜ்' என்றொரு ஏற்பாடு. 12 வயதைக் கடந்த ஆண்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிணைத்தனர். ஒருவன் குற்றம் செய்து ஓடினால் மற்றவர்கள் பிடித்துத் தரவேண்டும், தவறினால் தண்டம். உழவனுக்கு உழவன் பிணை. பிரபுக்களுக்கும் பாதிரிமார்களுக்கும் விதிவிலக்கு! கேட்பானேன்?

மதுக் கிண்ணத்தை உயர்த்தி நண்பனை வாழ்த்திக் குடிப்பதும் 'பிளெட்ஜ்'. 1838இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பாதிரியார் மேத்யூ தொடங்கிய இயக்கத்தில், குடியேன் என்று சூளுரைத்ததும் 'பிளெட்ஜ்'. வேடிக்கையான சொல்தான்!

அதே அயர்லாந்தில்தான் அந்தச் சொல் அரசியல் ஆயுதமாயிற்று. தன்னாட்சி கேட்ட பார்னெலின் கட்சி, 1884இல் வேட்பாளர்களிடம் உறுதிமொழி கேட்டது. நாடாளுமன்றத்தில் கட்சியோடு அமர்வேன், கட்சியோடு வாக்களிப்பேன். தவறினேன் என்று கட்சியின் பெரும்பான்மை முடிவு செய்தால் பதவி துறப்பேன் என்பது அது. பதவியே பிணைப்பொருள்! 1885 தேர்தலில் 86 பேர் வென்றனர். கட்டுக்குலையாத அந்தப் படையின் வலிமை கண்டுதான் 1886இல் கிளாட்ஸ்டன் தன்னாட்சி மசோதாவைக் கொண்டுவந்தார். தோற்றது மசோதா, படை நின்றது.

பிறகு வந்தது சோதனை. ஒரு மணவிலக்கு வழக்கில் பார்னெலின் பெயர் அடிபட்டது. அவர் தலைவராக நீடித்தால் தன்னாட்சிக்கு வழியில்லை என்றார் கிளாட்ஸ்டன். தோழர்களே, அந்த உறுப்பினர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கொடுத்த வாக்கு தலைவருக்கா, கட்சிக்கா, நாட்டுக்கா? 1890 டிசம்பரில் நாட்கணக்கில் வாதிட்டனர். பெரும்பான்மையினர் வெளியேறினர். எஞ்சியோர் தலைவருடன் நின்றனர். அவர்களைத் துரோகிகள் என்றோ இவர்களைக் குருடர்கள் என்றோ சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1891 அக்டோபரில் பார்னெல் மறைந்தார். பிரிந்த அணிகள் மீண்டும் ஒன்றுசேர 1900 ஆயிற்று.