பானிப்பட்டில் மாண்ட 'விசுவாசம்': பெயர்ச்சிலேடையும் மொழிபெயர்ப்பும்

சிறப்புப்பெயர் ஒன்று பொதுச்சொல்லின் பொருளையும் உடன் தாங்கி நிற்குமாயின், அவ்விரண்டையும் ஒருங்கே பெயர்த்தல் அரிது. பேசுவாப் பதவிக்கு உரியவனாய்ப் பிறந்தும் அதனை எய்தாது மாண்ட விசுவாசராவின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

மராத்திய அரசின் முடிமன்னர் சாத்தாராவிலிருந்த சத்திரபதி. ஆட்சியதிகாரமோ புணேயில் வீற்றிருந்த பேசுவாவிடம் இருந்தது. முதலமைச்சரைக் குறித்த அப்பதவி நாளடைவில் தந்தைக்குப்பின் மைந்தன் என்னும் உரிமை முறைக்கு உட்பட்டது. பேசுவா நானாசாகேபின் மூத்த மைந்தனாக விசுவாசராவ் 1742இல் பிறந்தான். 1760இல் அகமது ஷா அப்தாலியை எதிர்த்து வடக்கே சென்ற படைக்குப் பெயரளவில் அவனே தலைவன். நடத்தியவர் சதாசிவராவ் பாவு. 1761 சனவரி 14இல் பானிப்பட்டுக் களத்தில் அவன் குண்டடிபட்டு இறந்தான், பாவும் மாண்டார். சூன் திங்களில் நானாசாகேபும் மறைய, இளையவன் மாதவராவ் பதினாறாம் வயதில் பேசுவா ஆனான்.

தோல்விச் செய்தி ஒரு வணிக மடலாக நானாசாகேபை எட்டியதென்பர். முத்துகள் இரண்டும் பொன் மொகராக்கள் இருபத்தேழும் போயின, வெள்ளிக்கும் செம்புக்கும் கணக்கில்லை என்பது அதன் கருத்து. முத்துகள் அவ்விருவரையும், மொகராக்கள் படைத்தலைவர்களையும், ஏனையவை வீரர்களையும் குறித்தன. இவ்வுருவகம் தமிழிலும் தடையின்றிப் பொருந்தும்.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் உள்ளது. மராத்தியில் 'விசுவாஸ்' என்பது நம்பிக்கை. 'விசுவாஸ் பானிப்பட்டிலேயே போயிற்று' என்னும் பொருள்படும் தொடர், இனி எவரையும் நம்புவதற்கில்லை என்னும் கருத்தில் அம்மொழியில் வழங்குகிறது. 'பானிபத்' என்பதே பெருந்தோல்விக்குப் பொதுச்சொல்லாயிற்று. தமிழிலோ 'விசுவாசம்' பேச்சுவழக்கில் நன்றி மறவாமையையும், கிறித்தவர் வழக்கில் இறைநம்பிக்கையையும் உணர்த்தும். மராத்தியில் நம்புகிறவனிடத்து உள்ள பண்பு, தமிழ்ப் பேச்சில் நம்பப்படுகிறவனிடத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. எனவே ஒலிபெயர்ப்பு பொருளைத் திரிக்கும். 'நம்பிக்கை' என்று பெயர்த்தாலோ இறந்த இளைஞன் மறைந்துவிடுவான்.

அன்றாட உரையாடலாயின் 'இனி யாரை நம்புவது?' என்பது போதும். வரலாற்றுச் சூழலில் அது போதாது. ஒரு தலைமுறையின் இழப்பு அத்தொடரில் உறைந்துள்ளது. ஆங்கே, 'நம்பிக்கை என்று பெயரிட்ட பிள்ளையையே பானிப்பட்டில் பறிகொடுத்தோமே' என விரித்தல் தகும். சுருக்கம் குன்றினும் பெயரும் பொருளும் ஒருசேர நிற்கும்.