மலிவு மடிக்கணினி: வாங்கலாமா, வேண்டாமா?

ரவாங் ஈய லம்பத்தில் 1894-ஆம் ஆண்டு வாக்கில் மின்சார இயந்திரம் வைத்து நீர் இறைத்தார்கள். அதை வைத்தவர்கள் லோக் இயூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும். மலாயாவில் மின்சாரத்தை முதலில் கண்ட ஊர் என்ற பெயர் ரவாங்குக்கு இப்படித்தான் வந்தது. போட்ட காசு திரும்புமா என்று கணக்குப் பார்க்காமல் எந்த முதலாளியும் இயந்திரம் வாங்குவதில்லை. அதே கணக்கை இன்று நம் தாய்மார்கள் போட வேண்டியிருக்கிறது.

"அம்மா, பள்ளிக்கூட வேலைக்கு மடிக்கணினி வேண்டும்" என்கிறது பிள்ளை. கையில் இருப்பதோ போனஸ் காசு. கடையில் ஆயிரம் வெள்ளிக்கும் குறைவாக ஒன்று மின்னுகிறது. வாங்கலாமா?

நன்மை என்ன?

தேவை உண்மையானதுதான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கல்வி அமைச்சு எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை. மடிக்கணினி இருந்தது ஏறக்குறைய 9 விழுக்காட்டினரிடம் மட்டுமே. கைப்பேசியில் பாடம் பார்க்கலாம். ஆனால் மூன்று பக்கக் கட்டுரை எழுதவும், எஸ்.பி.எம். முடித்தபின் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கவும் விசைப்பலகை வேண்டும். ஒரே இயந்திரத்தை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்தலாம். தமிழிலும் தட்டச்சு செய்யலாம். 'லிப்ரே ஆபிஸ்' போன்ற எழுத்து வேலை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

குறை எங்கே?

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம். மிக மலிவான இயந்திரங்கள் பல அந்த விளிம்பிலேயே நிற்கின்றன. லயத்து அறையில் நால்வர் படுக்கும் இடத்தில் எண்மர் படுத்தால் எப்படியோ, அப்படித்தான் அதன் நிலையும். ஒரு வருடத்தில் திணறத் தொடங்கும். பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்டவும் முடியாது. 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் சில வருடங்கள் ஓடும்.

பழையதை வாங்கலாமா?

அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளைச் சீர் செய்து விற்கிறார்கள். புதிய மலிவுச் சரக்கைவிட இவை பல நேரங்களில் உறுதியானவை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் இயந்திரமா என்று கேளுங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். மின்கம்பியைக் கழற்றி, கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மின்கலத்தின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

ரசீதையும் உத்தரவாதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரை கோரலாம்.

தவணை என்னும் வலை

"மாதம் 90 வெள்ளிதான்" என்பார்கள். இருபத்து நான்கு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 2,160 வெள்ளி. ரொக்க விலை 1,500 என்றால், 660 வெள்ளி தவணைக்கே போய்விட்டது! இணையச் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் மட்டும் போதுமா?

'100 டாலர் மடிக்கணினி' என்று 2005-இல் நிக்கோலஸ் நெக்ரோபான்டே உலகுக்கு அறிவித்தார். 2007-இல் உற்பத்தி தொடங்கியபோது விலை ஏறக்குறைய 188 டாலர் ஆகிவிட்டது. பெரு நாட்டின் கிராமப் பள்ளிகளுக்கு அவற்றைக் கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. பெட்டி வந்தால் படிப்பு தானாக வராது. எதற்கு, எத்தனை மணிக்கு என்று வீட்டில் ஒரு வரைமுறை வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை படிவம் நான்கு, ஐந்துக்கு வந்துவிட்டதா? தேவை நிச்சயம். நல்ல நிலையில் உள்ள ஒன்றை ரொக்கமாக வாங்குங்கள். பிள்ளை இன்னும் சிறியதா? அவசரம் வேண்டாம். பள்ளியிலோ பொது நூலகத்திலோ கணினி இருந்தால் அதில் பழகட்டும். நீங்கள் மாதம் 50 வெள்ளி ஒதுக்கி வாருங்கள். மூன்று வருடத்தில் 1,800 வெள்ளி சேர்ந்துவிடும். தாலிக்கொடியை அடகுக்கு அனுப்பாமலே மடிக்கணினி வீட்டுக்கு வரும்.