தையல் போட்ட படகு

சுவாமிமலையில் சிற்பக்கூடம் ஒன்றுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் வேலை வரும். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சுகிற வாசம். நடராசரும் சிவகாமியும் முதலில் அந்த மெழுகில்தான் உருவாகிறார்கள். பிறகு மேலே காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

இதே குங்கிலியத்துக்குக் கடற்கரையில் இன்னொரு வேலை உண்டு. எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பஞ்சோடு சேர்த்து மரப்படகின் பலகை இடுக்குகளில் அடைப்பார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர், செய்பவர் ஓடாவி.

வீட்டு முற்றத்திலேயே ஒரு மரப்படகு கட்டி மோட்டார் பூட்டலாமா என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தேக்கு எங்கே கிடைக்கும், படகின் விலா எலும்புகளான வளைந்த வங்குக்கால்களை யார் செதுக்குவார்கள் என்ற கவலை. உண்மையில் இது மரவேலை என்பதைவிட வடிவவேலை. மரப் பஞ்சத்துக்கோ, கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி கண்டுவிட்டது.

ஒற்றை மரத்தைக் குடைந்து வள்ளம் செய்யப் பெருமரம் கிடைப்பது அரிதாகி, கட்டுமரத்துக்கான மரமும் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1980களின் தொடக்கத்தில், கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் படகு கட்டும் மையத்தில், பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே ஒட்டுப்பலகையில் படகு கட்டும் முறையை உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து செய்து பார்த்தார். பொருளியலறிஞர் ஷூமாக்கர் தொடங்கிய பிரிட்டிஷ் அமைப்பு ஒன்று இந்த முயற்சிக்குத் துணை நின்றது. ‘சிறியதே அழகு’ என்று புத்தகம் எழுதியவர் ஷூமாக்கர். முட்டம் அனுபவத்தை 1985இல் எழுதிய ஜில்லே அதற்கு வைத்த தலைப்பு ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’. சிறியது கடினம் என்கிறார், பட்டவருக்குத்தானே தெரியும். பின்னால் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் வழியாக இந்தப் படகுகள் கேரளக் கரைக்கும் பரவின. அதே சமயத்தில் பின்பலகையில் மாட்டும் வெளிப்பொருத்து மோட்டார் கரைக்கு வந்து சேர்ந்தது பெரிய அதிர்ஷ்டம். உருண்டை மரங்களைக் கட்டிய கட்டுமரத்தைவிட, தட்டையான பின்பலகை உள்ள படகில் மோட்டார் வாகாக உட்கார்ந்துகொண்டது.

முட்டத்துக்கு வந்த முறைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டிட்ச் அண்ட் க்ளூ’ என்று பெயர், தைத்து ஒட்டுவது. இங்கிலாந்தில் 1963இல் டெய்லி மிர்ரர் பத்திரிகையின் ஆதரவில் வெளிவந்த ‘மிர்ரர்’ என்ற சின்னப் பாய்ப்படகுதான் இதை வீடுதோறும் கொண்டுபோனது. பெட்டியில் வரும் பலகைத் துண்டுகளைச் செப்புக்கம்பியால் தைத்து, கண்ணாடி இழை நாடா வைத்து ஒட்டினால் படகு ரெடி. 70,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சோழமண்டலக் கரைக்குத் தையல் புதிதே அல்ல. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலா படகில் ஆணியும் இல்லை, வங்குக்காலும் இல்லை. பலகையில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தது. அலை தூக்கி மணலில் அடித்தால் ஆணி அடித்த படகு பிளக்கும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். புதுமுறையில் தையல் தற்காலிகம்தான். பசை இறுகியதும் கம்பியை வெட்டி எறிந்துவிடலாம். ஆனாலும் சீமை சுற்றி ஊர் திரும்பிய உறவுக்காரனைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது.

வேலை தொடங்குவது வரைவதில். சுவாமிமலை ஸ்தபதி சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்றை நறுக்கி, மடித்து மடித்து, சிலையின் அளவு முறையான தாலக் கணக்கை அதிலேயே எடுத்துக்கொள்வார். படகு கட்டுபவர் பலகையின் மேல் புள்ளிகளைக் குறித்து, அவற்றைத் தொட்டுப் போகும்படி ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து நிறுத்திக் கோடு இழுப்பார். ஒரு புள்ளி பிசகினாலும் சட்டம் அந்த இடத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும். அப்போது அளவுத்தாளை நம்புவதா, கண்ணை நம்புவதா என்றால் கண்ணைத்தான்.

பலகை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாக இருக்க வேண்டும். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. அலமாரி செய்கிற பிளைவுட்டில் படகு கட்டினால் இரண்டு மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி உரிந்துவிடும். பலகையின் நீளம் 8 அடிதான். இரண்டை இணைக்க விளிம்புகளைச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். தடிப்பைப் போல் எட்டு மடங்கு சரிவு என்பது கணக்கு. 9 மில்லிமீட்டர் பலகைக்கு 72 மில்லிமீட்டர். அது போக 16 அடிக்குச் சற்றுக் குறைவான படகு கிடைக்கும்.

வெட்டிய பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுக் கம்பி கோத்து முறுக்கும்போது நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் ஒவ்வொரு முறுக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, முன்முனையான அணியத்தில் ஒன்றையொன்று தொட்டு, சாயங்காலத்துக்குள் படகாகிவிடும்.

அடுத்து எபாக்ஸி. மூட்டுகளின் உள்ளே மரத்தூள் கலந்த பசையை விரலால் வழித்த மாதிரி குழிவாகப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடா. சித்திரை வெயிலில் எபாக்ஸியைக் குவளை நிறையக் கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது புகைந்துகொண்டிருக்கும். இறுகும்போது தானே சூடாகும் பொருள் அது. குவிந்து கிடந்தால் சூடு தப்பிப் போக வழியில்லை. அகலத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாக, விடியற்காலையில் கலப்பதே உத்தமம். ஐப்பசி மழையில் தொடவே வேண்டாம்.

மோட்டார் படகுக்கென்று ஒரு சங்கதி உண்டு. நீரைக் கிழித்துப் போகும் 16 அடிப் படகு மணிக்குப் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டத் திணறும், தன் அலையிலேயே சிக்கிக்கொள்ளும். அதற்கு மேல் போக அடிப்பாகம் நீரின் மேல் ஏறி வழுக்க வேண்டும். அதனால் பின்பாதி அடிப்பலகை பின்பலகை வரை நேர்க்கோட்டில் ஓட வேண்டும். கடைசியில் சற்றே கீழே வளைந்தால் அணியம் நீரில் அழுந்தும்; மேலே வளைந்தால் படகு குதிரை மாதிரி துள்ளும். நேரான சட்டத்தை வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரிகிற இடத்தை நிரப்பிச் சரிசெய்வதற்கு ஒரு நாள் போனாலும் தகும். 1960இல் மயாமி–நாசோ பந்தயத்தில் ரே ஹன்ட் வடிவமைத்த ‘மாப்பி’ என்ற மரப்படகு, பின்பலகை வரை ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகத்தோடு கொந்தளிப்பில் ஓடி வென்றது. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆழ ‘வி’ கேட்கிற குதிரைசக்தி மிக அதிகம். சின்ன மோட்டாருக்குத் தாழ்ந்த ‘வி’ போதும்.

2004 சுனாமிக்குப் பின் நாகைக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. ஃபைபருக்கு அச்சு வேண்டும். ஓர் அச்சில் வரிசையாகப் படகு எடுக்கலாம் என்பதால்தான் அது கட்டுப்படியாகிறது. ஒரே படகுக்காக அச்சு செய்வது வீண்செலவு. சுவாமிமலையில் சிலையை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து வர வேண்டும். முற்றத்துப் படகும் அந்தச் சாதிதான்.

கட்டிய படகை இறக்குவதற்குச் சுவாமிமலைப் பக்கத்துக் காவிரியை நம்ப முடியாது. மேட்டூர் அணை திறந்தால்தான் தண்ணீர், அப்போதும் வழியெல்லாம் மணல்திட்டும் கதவணையும். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொள்ளிடம் முகத்துவாரத்துக்குப் பக்கத்திலுள்ள பழையாறுக்குக் கொண்டுபோகலாம். மீன்பிடிக்க என்றால் மீன்வளத்துறைப் பதிவு, ஆற்றில் மோட்டாரோடு ஓட்ட 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு. முதல் நாள் மோட்டார் இல்லாமல் மிதக்கவிட்டு, உள்ளே ஏறி, தையல் போட்ட மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவி ஈரம் பார்ப்பார்கள்.