பழைய லேப்டாப் இனி தேறாதா? மீண்டும் ஓ.எஸ். போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திண்டுக்கல் மாவட்டத்தில், காபியும் மிளகும் விளையும் பழனி மலைக் கிராமம் தாண்டிக்குடி. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். இப்படி ஒரு மலையூரில் லேப்டாப் மக்கர் பண்ணினால், கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடி மலை இறங்க வேண்டும். அவ்வளவு தூரம் போனபிறகு, “இது இனி தேறாதுங்க, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டால்?

பல நேரங்களில் அது தேறும். ஓ.எஸ். எனப்படும் இயங்குதளத்தை மறுபடி போட்டாலே போதும். ஆனால், அதில் தவறாக அழுத்தும் ஒரு பட்டன், பத்து வருஷப் படங்களையும் பத்திரங்களையும் அழித்துவிடும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் நிறுத்திவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவுசெய்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் அதிலிருந்து ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 சிப், 4 ஜி.பி. ரேம், அங்கீகரிக்கப்பட்ட பிராசஸர் எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை அந்தப் பட்டியலில் இல்லை.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த ஆரம்பகால விலையில்லா லேப்டாப்களும் இந்த வரம்புக்கு வெளியேதான். ஆனால், அவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எல்லாக் கோளாறுக்கும் ஓ.எஸ். காரணம் அல்ல. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்தைக் காட்டுகிறதா? இணையதளங்கள் எல்லாம் ‘பாதுகாப்பற்றது’ என்று வருகிறதா? மதர்போர்டில் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதை மாற்றினாலே சரியாகிவிடும்.

ஹார்ட் டிஸ்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் அது சாகப்போகிறது என்று அர்த்தம். அதன்மேல் ஓ.எஸ். போடாதீர்கள். உடனே ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள். சத்தம் இல்லாமல் மெதுவாக மட்டும் ஓடும் மெஷினுக்கும், எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கண்கூடாகத் தெரியும்.

“டி டிரைவ்ல இருக்கு, ஒண்ணும் ஆகாது”

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். சி, டி என்று இரண்டாகத் தெரிந்தாலும், பெரும்பாலான லேப்டாப்களில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான். ‘டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு’ என்பதைத் தேர்வு செய்தால் இரண்டுமே போய்விடும்.

அதனால் படங்கள், சான்றிதழ்கள், பட்டா நகல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். ‘வானவில்’ போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துருக்களையும் காப்பி எடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

எந்த ஓ.எஸ். போடலாம்?

விண்டோஸ் 11-க்குத் தகுதியான மெஷின் என்றால் அதையே போடலாம். விண்டோஸ் 10-லேயே கொஞ்ச காலம் ஓட்ட நினைப்பவர்கள், செட்டிங்ஸில் உள்ள ‘ரீசெட்’ வசதியைப் பயன்படுத்தலாம். ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வழி அதில் உண்டு. போட்டு வைத்த மென்பொருட்கள் மட்டும் போய்விடும். அதே மெஷின் என்பதால், ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸுக்கு மறுபடி காசு கட்ட வேண்டியதில்லை.

தகுதி இல்லாத மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. நல்ல தேர்வு. இலவசம்தான். 64 பிட் பிராசஸரும் குறைந்தது 2 ஜி.பி. ரேமும் வேண்டும், 4 ஜி.பி. இருந்தால் நிம்மதி. ‘தமிழ்99’ விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளலாம். ஆன்லைன் வகுப்பு, வங்கிக் கணக்கு, விண்ணப்பம் எல்லாம் பிரவுசரிலேயே நடந்துவிடும். டேலி, போட்டோஷாப்தான் பிழைப்பு என்றால் லினக்ஸ் சரிப்படாது.

போடுவது எப்படி?

1. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. ஃபைலை டவுன்லோடு செய்யுங்கள். சுமார் 3 ஜி.பி. இருக்கும். மலையில் சிக்னல் வந்து வந்து போனால், கீழே இறங்கும்போது முடித்துக்கொள்வது நல்லது.

2. ‘ரூஃபஸ்’ மென்பொருள் மூலம் அதை 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும். ஃபைல்களைக் காப்பி எடுத்து வைத்த அதே டிரைவை எடுத்துவிடாதீர்கள்.

3. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற பட்டன்களில் ஒன்று பூட் மெனுவைத் திறக்கும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

4. உடனே நிறுவ வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், டச்பேட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வைஃபை கிடைக்காவிட்டால் போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து நெட் எடுக்கலாம்.

5. எல்லாம் சரி என்றால் மட்டும் நிறுவுங்கள். பழைய பேட்டரி நிற்காது என்றால் இன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இந்த ஐந்தாவது படிக்கு முன்பு வரை லேப்டாப்பில் உள்ள எதுவும் அழியாது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். ‘அழித்து நிறுவு’ என்று திரையில் வரும்போது, காப்பி எடுத்த டிஸ்க் கையில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.