உஷார்! வானம் தெளிந்தால் குழாயைக் கவனியுங்கள்

தை, மாசியில் காற்று அடங்கி, மேகம் விலகி, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற இரவுதான் ஆபத்தான இரவு. மழை விட்டதே என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். போர்த்த மேகமில்லாத நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். விடியும்போது நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலும் அம்பேவெல, பட்டிப்பொல புல்வெளிகளும் உறைபனியில் வெளுத்துக் கிடக்கலாம். கொழுந்து கருகும்.

"நாலு பாகைதானே, தண்ணீர் எங்கே உறையப்போகிறது?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பயம் வருகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் சொல்கிற பாகை, ஏறத்தாழ நாலடி உயரத்தில் கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது. தெளிந்த இரவில் புல் மட்டத்தில் அதைவிடப் பல பாகை குறைந்துவிடும். ஊற்றிலிருந்து லயத்துக்கு வரும் கறுப்பு ஹோஸ் கிடப்பது அந்தப் புல்லில்தான்! குளிர்காற்று பள்ளம் தேடி இறங்கும். ஹோஸ் பள்ளத்தைக் கடக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

கனடாவைப் போல இங்கே நாட்கணக்கில் உறையாது, உண்மை. விடியற்காலைச் சில மணி நேரம்தான். ஹட்டன் பக்கம் இந்தப் பயம் குறைவு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் அதற்கு மேலும்தான் கவலை. மண்ணுக்குள் போகும் குழாய்க்கும் ஒன்றும் வராது. ஆனால் உறையும் தண்ணீர் 9 சதவீதம் பருக்கும். பழைய லயத்தில் துருவேறிய முழங்கைக்கும், குளிரில் நொறுங்கும் பிவிசி மூட்டுக்கும் அது போதும். வெடிப்பு வெயில் ஏறும்வரை தெரியாது. தண்ணீர் வீணாவது சின்ன இழப்பு. வரத்து நின்று குழாய் காலியாகும்போது, அதே வெடிப்பு வழியே கான் தண்ணீர் உள்ளே புகும். வயிற்றோட்டம், செங்கமாரி எல்லாம் அப்படித்தான் பிள்ளைகளிடம் வரும். வெடித்த குழாயைச் சரிசெய்த பிறகும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

இன்றே செய்யுங்கள். வெளிச்சுவர்க் குழாயில் காய்ந்த சாக்கையோ பழைய கம்பளியையோ சுற்றி, மேலே பொலித்தீன் கட்டுங்கள். நனைந்த சாக்கால் பயனில்லை. ஹோஸை ஒரு சாண் மண்ணுக்குள் புதையுங்கள். முடியாவிட்டால் மாலையிலேயே குடங்களை நிரப்பி, மேலே வால்வை மூடி, கீழே பைப்பைத் திறந்து முழுக்க வடியவிடுங்கள்.

உறைந்தேவிட்டால் கொள்ளியோ மண்ணெண்ணெய்த் துணியோ காட்டவே காட்டாதீர்கள்! பிவிசி உருகும், இரும்புக் குழாய்க்குள் அடைபட்ட நீராவி வெடிக்கும். கொதிநீரும் வேண்டாம். பைப்பைத் திறந்துவைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அங்கிருந்து மேல்நோக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். பெரட்டுக்கு நேரமாகிறதா? குழாயை வெயிலுக்கு விட்டுவிட்டு, மாலையில் நிரப்பிய குடத்தை எடுங்கள்.