பாட்டுக்குப் பட்டா இல்லை! பெட்டிக்குள் முடங்கிய படங்கள்

பத்திரத்தில் ஒரு வரி இல்லாததால் வந்த வினை

படம் தயார். பார்க்க ஜனங்களும் தயார். ஆனால் வீடியோ மட்டும் கடைக்கு வராது!

ஏன்? நெகடிவ் எரிந்து போய்விட்டதா? இல்லை. சென்சார் தடையா? அதுவும் இல்லை. படத்தில் ஓடுகிற ஒரு பாட்டுதான் காரணம்! "தியேட்டரில் ஓட்ட அனுமதி கொடுத்தேன். வீடியோவுக்கு எப்போது கொடுத்தேன்?" என்று பாட்டின் சொந்தக்காரர் கேட்டுவிட்டால் போதும். படம் பெட்டிக்குள் போய்விடும்.

அமெரிக்காவில் இப்படி வருடக்கணக்கில் முடங்கிய பழைய படங்கள் பல. 1981-ல் வெளிவந்த 'ஹெவி மெட்டல்' என்ற கார்ட்டூன் படம் முறைப்படி கேசட்டாக வந்தது 1996-ல்தான். 15 வருடம்! ஒரு படத்துக்கு இந்தக் கதி ஏன் வருகிறது?

2 சாவி

ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்க 2 அனுமதி வேண்டும். பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர்களின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பாளரிடம் ஒன்று. அதைப் பாடவைத்து ரிக்கார்டு செய்த இசைத்தட்டு கம்பெனியிடம் இன்னொன்று. பேங்க் லாக்கர் மாதிரி. 2 சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

பாட்டை 3 பேர் சேர்ந்து எழுதியிருந்தால் தொல்லை இன்னும் அதிகம். ஒருவர் இறந்திருப்பார். அவர் பங்கு வாரிசுகளிடம் இருக்கும். இன்னொருவர் பங்கை வேறு கம்பெனி வாங்கியிருக்கும். எல்லோரையும் தேடிப் பிடித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

பழைய படங்களுக்குப் பாட்டு வாங்கிய காலத்தில் வீட்டுக்கு வீடு வீடியோ வரும் என்று யாரும் கனவு கூடக் காணவில்லை. 'தியேட்டர், டெலிவிஷன்' என்று பத்திரம் எழுதிக் கையெழுத்து போட்டார்கள். 1975-ல் பீட்டாமேக்ஸ் வந்தது. 1976-ல் வி.எச்.எஸ். வந்தது. பிறகு தகராறு கோர்ட்டுக்குப் போனது.

ஜெயித்த படம்

முதல் வழக்கு 'அமெரிக்கன் கிராபிட்டி' என்ற படத்தைப் பற்றியது. ஜார்ஜ் லூகாஸ் டைரக்ட் செய்து 1973-ல் வெளிவந்த படம். 1962-ல் ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. வாலிபர்கள் காரில் சுற்றுவார்கள். கார் ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். படம் முழுவதும் 40-க்கும் மேற்பட்ட பாட்டுகள்!

1980-ல் இந்தப் படம் வீடியோவாக வந்தது. அதில் உள்ள 4 பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த இசைத்தட்டு கம்பெனி வழக்கு போட்டது. "வீடியோவுக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை" என்பது அதன் வாதம்.

1983-ல் நியூ ஜெர்சி கோர்ட்டு பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தது. இப்போது உள்ள வழியிலும், இனிமேல் கண்டுபிடிக்கப்போகும் எந்த வழியிலும் படத்தைக் காட்டலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. வழக்கு தள்ளுபடி. அந்த ஒரு வரி படத்தைக் காப்பாற்றியது.

தோற்ற படம்

இரண்டாவது வழக்கு 'மீடியம் கூல்' படத்தைப் பற்றியது. ஹாஸ்கெல் வெக்ஸ்லர் டைரக்ட் செய்தது. 1968-ல் சிகாகோ நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது தெருவில் பெரிய கலவரம். போலீசார் தடியடி நடத்தினார்கள். அந்த நிஜக் கலவரத்துக்கு நடுவிலேயே நடிகையை நடக்கவிட்டுப் படம் பிடித்தார் வெக்ஸ்லர். துணிச்சலான படம் என்று பெயர் வாங்கியது.

அதில் ஒரு பாட்டு, 'மெர்ரி கோ ரவுண்ட்'. 1969-ல் எழுதிய பத்திரத்தில் தியேட்டர் இருந்தது. டெலிவிஷன் இருந்தது. "எழுதிக் கொடுக்காத உரிமை எல்லாம் எனக்கே" என்று பாட்டுக்காரர் தரப்பில் ஒரு வரியும் இருந்தது!

பின்னர் பாரமவுண்ட் கம்பெனி படத்தைக் கேசட்டில் விற்றது. சுமார் 2,725 கேசட்டுகள். மொத்த வசூல் சுமார் 69 ஆயிரம் டாலர். பாட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார்.

கேசட்டும் டெலிவிஷன் பெட்டியில்தானே ஓடுகிறது? அப்படியானால் அதுவும் டெலிவிஷன்தான் என்பது கம்பெனியின் வாதம். கீழ்க்கோர்ட்டு கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு கூறியது.

1988-ல் அப்பீல் கோர்ட்டு அதைத் தலைகீழாக மாற்றியது. "டெலிவிஷனில் எதை, எப்போது காட்டுவது என்று நிலையத்தார் முடிவு செய்கிறார்கள். கேசட்டில் பார்க்கிறவரே முடிவு செய்கிறார். 2-ம் வேறு. 1969-ல் இந்தக் கருவி வீடுகளில் இல்லை. இல்லாத பொருளுக்கு உரிமை கொடுத்ததாக எப்படிச் சொல்ல முடியும்?" என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

2 தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் ஒன்றுதான். திண்ணையை வாடகைக்கு எடுத்தவன் மாடிக்கும் சாவி கேட்க முடியாது. பத்திரத்தில் எழுதியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் மறுபடியும் பேரம் பேசு, மறுபடியும் பணம் கட்டு!

படத்தை விடப் பாட்டு விலை

பெரிய கம்பெனி என்றால் பணம் கட்டும். ஏழை என்ன செய்வான்?

சார்லஸ் பர்னெட் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சினிமா படித்த மாணவர். படிப்புக்காக ஒரு படம் எடுத்தார். பெயர் 'கில்லர் ஆப் ஷீப்'. ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் குடும்பக் கதை. சனி, ஞாயிறுகளில் ஷூட்டிங். கதை, காமிரா, எடிட்டிங், டைரக்‌ஷன் எல்லாம் அவரே. மொத்தச் செலவு 10 ஆயிரம் டாலருக்கும் குறைவு!

கல்லூரிப் படம்தானே என்று பிடித்த பாட்டுகளை எல்லாம் சேர்த்துவிட்டார். அனுமதி வாங்கவில்லை. 1990-ல் அமெரிக்க அரசின் காங்கிரஸ் நூலகம், 'நாட்டின் பொக்கிஷம்' என்று பாதுகாக்கும் படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. பெருமைதான். ஆனால் டிக்கெட் வாங்கிப் பார்க்கத் தியேட்டரில் படம் இல்லை. கடையில் கேசட்டும் இல்லை!

2007-ல்தான் விடிவு. பாட்டு உரிமைக்கு மட்டும் ஆன செலவு 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர். படம் எடுக்க ஆன செலவைப் போல 15 மடங்கு! ஹாலிவுட் டைரக்டர் ஸ்டீவன் சோடர்பர்க் நன்கொடை கொடுத்து உதவினார்.

அப்போதும் ஒரு பாட்டு மட்டும் கிடைக்கவில்லை. கடைசிக் காட்சியில் டைனா வாஷிங்டன் பாடிய 'அன்பர்கெட்டபிள்'. அந்த இடத்தில் அவருடைய வேறு பாட்டைப் போட்டுச் சமாளித்தார்கள். 2025-ல் புதுப்பித்து வெளியிட்டபோதுதான் அந்தப் பழைய பாட்டு தன் இடத்துக்குத் திரும்பியது.

ஆள் மாறாட்டம்

பணம் கட்ட முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பாட்டை வெட்டிவிட்டு வேறு ஏதாவது இசையை ஒட்டிவிடுவது. 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்று ஒரு டெலிவிஷன் தொடர். 1978 முதல் 1982 வரை வந்தது. ரேடியோ நிலையத்தில் நடக்கிற கதை. பாட்டுதான் அதற்கு உயிர். 2007-ல் டி.வி.டி. வந்தபோது பழைய பாட்டுகள் பலவற்றைக் காணோம்! ரசிகர்கள் கொதித்தார்கள். 2014-ல் வேறு கம்பெனி பெரும்பாலான பாட்டுகளைத் திரும்ப வாங்கிச் சேர்த்து வெளியிட்டது.

பேச்சும் பாட்டும் ஒரே ஒலிப்பதிவில் கலந்திருந்தால் ஆபத்து அதிகம். பாட்டை எடுத்தால் நடிகரின் பேச்சும் சேர்ந்து போய்விடும்.

காலக்கெடு

சில அனுமதிகளுக்கு ஆயுளும் குறைவு. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொல்லும் 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' என்ற செய்திப்படத் தொடர் 1987-ல் வந்தது. அதில் உள்ள பழைய செய்திப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் வாங்கிய அனுமதி, 1990-களின் நடுவில் காலாவதியானது. நாடே பார்க்க வேண்டிய சரித்திரம் பல வருடம் முடங்கியது! அறக்கட்டளை நன்கொடையில் அனுமதியைப் புதுப்பித்து 2006-ல் மீண்டும் ஒளிபரப்பானது.

அதில் மார்ட்டின் லூதர் கிங்குக்குத் தோழர்கள் 'ஹேப்பி பர்த்டே' பாடும் காட்சி ஒன்று உண்டு. நம் தெருக் குழந்தைகள் கேக் வெட்டும்போது பாடுகிறார்களே, அதே பாட்டுதான். அதற்கும் ஒரு கம்பெனி உரிமை கொண்டாடிப் பணம் வாங்கி வந்தது. 2015-ல் அந்த உரிமை செல்லாது என்று கோர்ட்டு கூறியது. 2016-ல் 1 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இப்போது அங்கே யார் வேண்டுமானாலும் படத்தில் சேர்க்கலாம்.

யார் பக்கம் நியாயம்?

பாட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. அது அவர் உழைப்பு. கேசட் விற்றுக் கம்பெனி காசு பார்க்கும்போது அவர் பங்கு கேட்பது தப்பா? ஆனால் பழைய படம் எத்தனை பிரதி விற்கும்? விற்கிற காசு பாட்டு விலைக்கே போதாது என்றால் யார் வெளியிடுவார்கள்? பாட்டுக்காரருக்கும் காசு இல்லை, ரசிகனுக்கும் படம் இல்லை. இதுதான் வேதனை.

இன்றைய வக்கீல்கள் உஷார். 'எல்லா ஊடகங்களிலும், எல்லா நாடுகளிலும், இனி வரப்போகும் எல்லா வழிகளிலும்' என்று பத்திரம் எழுதுகிறார்கள். மாட்டிக்கொண்டவை பழைய படங்கள்தான்.

அமெரிக்கன் கிராபிட்டியைக் காப்பாற்றியது ஒரு வரி. மீடியம் கூல் படத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தது அந்த ஒரு வரி இல்லாத குறை. 1969-ல் அதைச் சேர்த்து எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும்? ஒரு சொட்டு கூட ஆகியிருக்காது!