பார்த்தோக் காட்டிய தேசாபிமானம்

தன் நாட்டை நேசிப்பவன் அண்டை நாட்டைப் பகைத்தே தீரவேண்டும் என்று நினைப்பவர் எங்கும் உண்டு. அந்நினைப்பு தவறென்பதைத் தம் வாழ்க்கையாலேயே நிரூபித்தவர் ஹங்கேரிய சங்கீத மேதை பேலா பார்த்தோக்.

1881-ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளமையில் தீவிர தேசியவாதி. ஆஸ்திரிய ஆதிக்கத்தை எதிர்த்த கொஷூத்தைப் போற்றி 1903-இல் ஒரு வாத்திய காவியமே இயற்றினார். அக்காலத்தில், பட்டணங்களில் ஜிப்ஸி கோஷ்டியார் வாசித்ததே ஹங்கேரிய நாட்டிசை என்று படித்தவர்கள் நம்பியிருந்தனர். 1904-இல் ஒரு பணிப்பெண் பாடக் கேட்டதும், குடியானவர் இசை வேறு என்பது பார்த்தோக்கிற்குப் புலப்பட்டது. பிறகு, நண்பர் ஸோல்தான் கொதாயுடன் சேர்ந்து அவ்விசையைத் திரட்டும் பணியில் இறங்கினார். போனோகிராப் யந்திரத்தையும் மெழுகு உருளைகளையும் சுமந்து குக்கிராமங்களில் அலைந்து, ஆயிரக்கணக்கான பாடல்களைப் பதிவு செய்து ஸ்வரப்படுத்தினார்.

தூய ஹங்கேரிய இசையைத் தேடிச் சென்றவர், ஸ்லோவாக்கியர், ருமேனியர் பாடல்களிலும் மனத்தைப் பறிகொடுத்தார். 1913-இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பிரதேசத்திற்கும், 1936-இல் துருக்கிக்கும் சென்றார். பழைய ஹங்கேரிய மெட்டுகளின் சாயலைத் துருக்கியக் குடியானவரிடமும் கண்டார். மெட்டுகள் எல்லை கடந்து சென்று, புது உருப்பெற்றுத் திரும்பும் என்பதே அவர் கண்ட உண்மை.

இவ்வுண்மை குறுகிய மனத்தினருக்குப் பொறுக்கவில்லை. மகாயுத்தத்தில் தோற்ற ஹங்கேரி, 1920-இல் திரியனோன் உடன்படிக்கையால் தன் நிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. ருமேனிய இசையைப் பற்றி எழுதியதற்காக அவ்வாண்டில் அவருடைய தேசபக்தியையே சந்தேகித்துத் தூற்றினர். அவரோ ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை.

நாஜிகளின் கை ஓங்கியபோது, 1940-இல் அவர் அமெரிக்கா சென்றார். ஹிட்லர், முஸோலினி பெயரால் ஹங்கேரியில் வீதிகள் உள்ளவரை, எவ்வீதிக்கும் தம் பெயரைச் சூட்டலாகாது என்று அவ்வாண்டே மரணசாஸனம் எழுதிவைத்தார். இனத்தூய்மை என்னும் வெறி உலகை எரித்த 1942-இல், கலப்பினாலேயே நாட்டிசை வளம் பெறுகிறது என்று எழுதினார். 1945-இல் நியூயார்க்கில் உயிர் நீத்தார். 1988-இல்தான் அவர் பூதவுடல் தாயகம் திரும்பியது.

அவரைத் தூற்றியோர் ஹங்கேரிக்கு விட்டுச் சென்ற செல்வம் யாதோ, நாம் அறியோம். அவர் விட்டுச் சென்ற பாடல்களோ இன்றும் ஒலிக்கின்றன. தன் வீட்டுப் பொக்கிஷத்தில் அயலான் அளித்ததும் உண்டென ஒப்புக்கொள்வது இழிவன்று. அவ்விதம் ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரமே மெய்யான தேசபக்தி என்போம்.